ஹாஸ்டல் ஊரில் ஒரு வீட்டுப் பிள்ளை

திருச்செங்கோட்டில் ஒரு பிள்ளை வீட்டில் இல்லை என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். புதன்கிழமை பதினோரு மணிக்கு அது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால்தான் கேள்வி வரும். "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லீங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்து "ஸ்கூல் லீவுங்களா?" அதற்கும் இல்லை என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஃபீஸ் கட்டறதுல ஏதாச்சும் பிரச்சினைங்களா கண்ணு?"

என் மகள் எட்டாம் வகுப்பு முடித்ததிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கிறாள். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். ஒன்று, பணக்காரத் திமிர். இன்னொன்று, ஏதோ நடந்துவிட்டது, மூடி மறைக்கிறார்கள். இரண்டும் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். இனிமேல் கேட்கிறவர்களுக்கு லிங்க் அனுப்பிவிடலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது ரிக் வண்டி ஊர். இந்தியாவில் எந்த மூலையில் போர்வெல் போட்டாலும் அந்த வண்டியின் கதவில் திருச்செங்கோடு என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். ரிக் வண்டியும் கம்ப்ரசர் வண்டியும் ஜோடியாகக் கிளம்பினால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாசக்கணக்கில் ஊர் திரும்பாது. அதோடு அப்பாக்களும் திரும்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரர் நான்கு பேர் கூட்டில் ஓடுகிற ஒரு ரிக்கில் பங்குதாரர். அவர் வீட்டில் இருப்பது மழைக்காலத்தில்தான்.

அப்பா இல்லாத வீடு, கையில் காசு, பிள்ளை டாக்டராக வேண்டும் என்ற ஆசை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஹாஸ்டல் பள்ளி முளைக்காமல் வேறு எங்கே முளைக்கும்? நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று இந்த வட்டாரம் முழுக்க அவைதான். கோழிப்பண்ணை ஊராகவும் போய்விட்டதால் 'பிராய்லர் பள்ளி' என்று பெயரும் வந்துவிட்டது. காலை ஐந்து மணிக்கு ஸ்டடி, இரவு பத்துக்கு ஸ்டடி, நடுவில் தினமும் டெஸ்ட். பிளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கிற வித்தை இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஊரறிந்த ரகசியமாக இருந்தது. மாநில ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் பேப்பரில் முழுப்பக்க விளம்பரமாக வரும். 2017 மே மாதம் அரசு ரேங்க் அறிவிப்பையே நிறுத்தியது. அந்தக் கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. நீட்டும் வந்தது. இந்தப் பள்ளிகள் அசந்துபோகும் என்று நினைத்தவர்கள் உண்டு. போர்டை மாற்றி 'நீட் பேட்ச்' என்று எழுதிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கின்றன. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பிளஸ் ஒன் தேர்வை மறுபடி எடுத்துவிட்டது. பழைய வித்தை திரும்புமா என்பதை ஊரில் எல்லோரும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்புக்கு மகளை ஹாஸ்டலில் சேர்ப்பதாகத்தான் பேச்சு. அவள் போக மாட்டேன் என்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "என்னை அங்க விட்டா நீ என்னம்மா பண்ணுவ?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் இருந்தது: ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பேன். ரிக் ஆபீஸ்களுக்கும் பாடி கட்டுகிற பட்டறைகளுக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதி ரிட்டர்ன் போடுவது என் தொழில். அதைச் சொன்னதும், "அப்ப நீ வீட்டுலதான இருக்க?" என்றாள். அதற்குத்தான் பதில் இல்லை.

நிறையப் பேர் கேட்பதால் சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 6 முதல் 14 வயதுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சே சட்டத்தில் கிடையாது. ஜெர்மனியில் இப்படிப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் வைத்துக்கொள்ளலாம். கொரோனா வந்த 2020-ல் அங்கே வீட்டில் படிப்பிக்கிற குடும்பங்கள் சில மாதங்களில் 5.4 சதவீதத்திலிருந்து 11.1 சதவீதமாக ஏறியதாக அவர்களுடைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் சொன்னது. நம் நாடு இரண்டுக்கும் நடுவில், வழக்கம்போல் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது.

நாங்கள் பிடித்த வழி என்ஐஓஎஸ், அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989-ல் தொடங்கியது, மத்திய அரசினுடையது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்ய 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஒருமுறை பதிவு செய்தால் 5 வருடம் செல்லும், அதற்குள் 9 முறை தேர்வு எழுதலாம். வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு. ஐந்து பாடம் எடுத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, இப்போது இரண்டு, அடுத்த முறை மூன்று என்று பிரித்துக்கொள்ளலாம். தமிழ் வழியிலும் எழுதலாம். தமிழைப் பாடமாகவும் எடுக்கலாம், ஓவியத்தைக்கூட எடுக்கலாம். மகள் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், ஓவியம் என்று எடுத்தாள். ஓவியம் என்றதும் எங்கள் மாமா ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

எட்டு முடித்தபோது அவளுக்குப் 13 வயது. ஆக, பதிவு செய்வதற்கு முன்னால் தேர்வே இல்லாத காலம் கொஞ்சம் கிடைத்தது. என்னைக் கேட்டால் அதுதான் இந்த ஏற்பாட்டின் ஆகச்சிறந்த பகுதி. ஒன்பதாம் வகுப்புப் பாடப்புத்தகங்களை வாங்கிப்போட்டேன். 2018-ல் மாற்றிய புதிய புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருக்கிறது, போனைக் காட்டினால் வீடியோ வரும். கணக்குக்குக் கான் அகாடமி. அமெரிக்காவில் இருந்த சல்மான் கான் என்பவர் 2004-ல் தன் உறவுக்காரத் தங்கைக்குப் போனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப்போய் வளர்ந்த தளம் அது. காசு கிடையாது. பின்னம் என்றாலே மிரண்டுகொண்டிருந்தவள், ஒரே வீடியோவை நிறுத்தி நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்து அதைத் தாண்டினாள். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் "மிஸ், இன்னொரு தடவை" என்று எத்தனை முறை கேட்க முடியும்? இணையத்துக்கு முகம் சுளிக்கத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் அதற்குப் பாதி ராஜ்ஜியம் எழுதிவைக்கலாம்.

மற்ற விஷயங்களில் அவ்வளவு தாராளம் காட்ட மாட்டேன். அறிவியலைப் பார்த்தாள், தொடவில்லை. அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் திரையில் நிறம் மாறுகிற ஒன்று. செய்முறை வகுப்புக்குப் பஸ் ஏறித்தான் மையத்துக்குப் போக வேண்டும். தமிழ்க் கட்டுரையை எந்த ஆப்பும் திருத்தித் தராது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து கையால் எழுதும் பழக்கம் விட்டே போயிற்று, அதைத் தனியாக ஏற்படுத்த வேண்டியிருந்தது. 20 சதவீத மதிப்பெண்ணுக்கான ஒப்படைப்புகளை, டிஎம்ஏ என்பார்கள், எழுதிக் கொடுக்கும் தேதியை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். பிறகு, மாசாமாசம் 20-ம் தேதி நெருங்கும்போது நான் ரிட்டர்ன் போடுகிற அவசரத்தில் இருப்பேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம் அறிவிக்காத விடுமுறைதான். அவள் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன வீடியோ என்று நான் கேட்க மாட்டேன்.

இப்போது ஊர் சம்பந்தப்பட்ட ஒரு பழைய கதை. பிள்ளை வீட்டிலிருந்து கற்கட்டும் என்று தமிழ்நாட்டில் ஒரு அரசாங்கமே சொல்லியிருக்கிறது. சொன்னவர் எங்கள் ஊருக்கு நெருக்கமானவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கி, குடும்பத்தோடு வந்து குடியிருந்த ராஜாஜி. கதர் நெய்ய வைத்தார், கள்ளுக்கு எதிராக 'விமோசனம்' என்று பத்திரிகை நடத்தினார், கல்கியும் அதற்காக இங்கே வந்து இருந்தார். அதே ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1953-ல் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். ஒரு பாதிப் பிள்ளைகள் காலையில், மறுபாதி பிற்பகலில். அதிகச் செலவில்லாமல் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. மீதி நேரம்? வீட்டில் அப்பா அம்மா செய்கிற தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். அந்தப் பெயர்தான் நின்றது. தறிக்காரன் பிள்ளை தறியில், சிரைப்பவர் பிள்ளை கத்தியோடு, நிலமில்லாதவன் பிள்ளை அடுத்தவன் காட்டில் என்று ஆகும் என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பு காங்கிரசுக்குள்ளேயும் பரவி, 1954 ஏப்ரலில் ராஜாஜி போய்க் காமராசர் வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே திட்டத்தைக் கைவிட்டார்.

எங்கள் அம்மாயி இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார். அப்போது அவர் சிறுபிள்ளை. "வெவரமானவங்க ஊட்டுல இருந்தா வெவரம் வரும். எங்க ஊட்டுல எருமைதான் இருந்துச்சு." இது குறித்து நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைப் பிடிக்கவில்லை. வீட்டில் எது இருக்கிறதோ அதைத்தான் வீடு சொல்லிக்கொடுக்கும். வீட்டுக்கல்வியைக் கண்டால் தமிழ்நாட்டுக்குச் சந்தேகம் வருவதில் நியாயம் இருக்கிறது.

'இப்போதுதான் இன்டர்நெட் வந்துவிட்டதே, வீட்டில் இல்லாததும் வீட்டுக்குள் வருமே' என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். அதற்கு இந்த மாவட்டம் முழுக்க ஒரு பரீட்சை நடந்து முடிந்திருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. பாடம் இல்லாமல் போகவில்லை, கல்வித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, வாட்ஸ்ஆப்பில் ஒர்க்ஷீட் வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் விசைத்தறி லைன் வீடுகள் இருக்கின்றன. தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழிகிறவரை குடும்பமே அங்கேதான். போன் அப்பாவிடம், அப்பா தறியில், தறிச் சத்தத்தில் ஆன்லைன் கிளாஸ். சில மாதத்தில் அந்த வீட்டுப் பையன்கள் தறிக்கு நூல் தார் சுற்றுவதைப் பார்த்தேன். சரியாகப் பதின்மூன்று பதினான்கு வயது. திரும்பப் பள்ளிக்கு வராமலே போனவர்களும் உண்டு. குலக்கல்வித் திட்டத்தை யாரும் அறிவிக்கவில்லை, அது தானாக நடந்தது.

இந்த இழப்பைச் சரிக்கட்ட அரசு செய்த காரியத்தைக் கவனியுங்கள். டேப்லட் கொடுக்கவில்லை. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஆரம்பித்து, ஊரில் படித்த பெண்களைத் தன்னார்வலர்களாகப் பிடித்து, சாயங்காலம் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். எங்கள் தெருவில் மாரியம்மன் கோவில் மண்டபத்தில் நடந்தது. அதே நேரத்தில் இன்னொரு பக்கம் பைஜூஸ் மாதிரி கம்பெனிகளின் ஆட்கள் சின்ன ஊர்களில்கூட வீடு வீடாக வந்து இஎம்ஐயில் கோர்ஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள். பைஜூஸ் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. மண்டபத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டன. எதற்கு எவ்வளவு செலவானது என்று ஒரு கணக்கெழுதுகிறவளாக யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆன்லைன் படிப்பு என்றதும் இப்போது எல்லோரும் குகேஷைக் காட்டுகிறார்கள். நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரம் பள்ளிக்குப் போகவில்லை, 2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியன். பார்த்தீர்களா என்று எனக்கே வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார்கள். பார்த்தேன். அவருடைய அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தொழிலையே நிறுத்திவைத்தவர். வீட்டுச் செலவை அம்மாவின் சம்பளம் தாங்கியது. அந்த வீட்டில் பள்ளிக்குப் பதிலாக வந்து உட்கார்ந்தது ஒரு முழு ஆள். ஃபார்வர்ட் செய்தியில் அந்த வரியை மட்டும் யாரும் போடுவதில்லை.

யார் அந்த ஆள் என்பதுதான் இதில் பேசாமல் விடுகிற விஷயம். எங்கள் மலைமேல் இருக்கிற சாமி பாதி ஆண் பாதி பெண், அர்த்தநாரீசுவரர். ஊர் முழுக்க அவர் பெயரில் கடை, பஸ், ரிக் வண்டி. ஆனால் பிள்ளையின் படிப்பில் மட்டும் இந்த ஊரில் எந்த வீட்டிலும் பாதிப் பாதி நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் இந்தூர் பக்கத்திலிருந்து இரவு வீடியோ காலில் "பாப்பா, இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்பார். அவளும் சொல்வாள். அவருடைய பங்கு அதோடு முடிந்தது. குறை சொல்லவில்லை, அவர் அங்கே 800 அடியில் தண்ணீர் வரவில்லையே என்ற கவலையில் நிற்கிறார். ஆனால் பள்ளி செய்துகொண்டிருந்த வேலை காற்றில் கரைந்துவிடாது, யார் தலையிலாவது இறங்கும். எங்கள் வீட்டில் அது என் தலை. இரண்டு கம்பெனிக் கணக்கை விட்டுவிட்டேன். அந்த வருமானத்தைக் கூட்டிப் பார்த்தால் இது இலவசப் படிப்பு இல்லை. நல்ல தனியார் பள்ளிக் கட்டணம்தான், வேறு வழியில் போகிறது.

கூட்டாளிகள் இல்லாமல் போய்விடுவாளே என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஐந்து மணிக்கு மேல் தெருவில் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஷட்டில் ஆடுகிறாள், நூலகத்துக்குப் போகிறாள். அந்தக் கவலை எனக்குப் பெரிதாக இல்லை. என் கவலை வேறு. பள்ளியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் எங்கள் சாதிப் பெண் இல்லை. டிபன் பாக்ஸை மாற்றிச் சாப்பிட்டார்கள். தோழியின் சாப்பாடு என் சமையலை விட அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பங்காளி, மாமன், மச்சான். நல்லது கெட்டது என்றால் நம்ம சனம்தான். யாரோடு உட்கார்வது என்பதை வீடு முடிவு செய்தால், இந்தப் பக்கத்தில் வீடு எப்படி முடிவு செய்யும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இதற்கு எந்த ஆப்பும் வைத்தியம் வைத்திருக்கவில்லை. அந்தத் தோழியைச் சனிக்கிழமைகளில் வரச் சொல்லி நானாகத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. கூப்பிடுகிறேன்.

போன மாதம் லைன் வீட்டிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். மகள் அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள், போகப் பிடிக்கவில்லை என்கிறாளாம். "உங்க பாப்பா மாதிரி போன்லயே படிக்க வெச்சுடலாங்களா அக்கா?" என்றார். அவரும் என்னை அக்கா என்பார், நானும் அவரை அக்கா என்பேன், அது எங்கள் ஏற்பாடு.

வேண்டாம் என்றேன். அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரி போனால் மாசம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் அந்த மாதிரி நிபந்தனைதான். வாரத்துக்கு ஐந்து நாள் சத்துணவில் முட்டை, அதுவும் நம் நாமக்கல் முட்டை. எல்லாவற்றுக்கும் மேல், "நீங்க ரெண்டு பேரும் தறிக்குப் போயிட்டா பகல்ல அவ கூட யாருங்க இருப்பாங்க?"

"யாரும் இல்லீங்க."

"அப்ப தறிதான் இருக்கும்."

அவர் சிரித்தார். பிறகு ஏன் பிடிக்கவில்லை என்று விசாரித்தோம். பள்ளியில் கணக்குப் புரியவில்லை, கேட்டால் திட்டு விழுகிறது. அவ்வளவுதான். இப்போது அந்தப் பெண் பள்ளி முடிந்து சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறாள். என் மகள்தான் சொல்லிக்கொடுக்கிறாள், அதே பின்னம், அதே வீடியோ. நடுவில் நிறுத்தி, "இங்க புரிஞ்சுதா?" என்று கேட்பது கூடுதல்.

மகளுக்கு இன்னும் இரண்டு பாடம் பாக்கி, அக்டோபரில் எழுதுகிறாள். பிளஸ் ஒன்னுக்குப் பள்ளிக்கே போகிறேன் என்று அவளாகச் சொல்லிவிட்டாள். காரணம் கேட்டேன், "லேப் வேணும்மா" என்றாள். ஹாஸ்டல் இல்லாத, லேப் இருக்கிற, என்ஐஓஎஸ் சான்றிதழைப் பார்த்துப் புருவம் தூக்காத பள்ளியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். மாற்றுச் சான்றிதழ் (டிசி) எங்கே, எமிஸ் என்கிற மாணவர் பதிவு எண் என்ன ஆயிற்று, நடுவில் எங்கே போயிருந்தாள் என்று ஒவ்வொரு ஆபீசிலும் கேட்கிறார்கள். எட்டாம் வகுப்பு டிசியை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் இப்படிச் சேர்த்துக்கொண்ட பள்ளி எது என்று தெரிந்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வருடம் ஜூனுக்குள் வேண்டும்.